கணவாய்க்கு அப்பால் ஓர் அண்ணன்

மதுரைச் சந்திப்பிலிருந்து மேற்கே செல்லும் காலை இரயிலில் ஏறிச் சன்னலோரமாக அமர்ந்தோம். உசிலம்பட்டியைத் தாண்டியதும் மானாவாரிக் காடுகள் மெல்லப் பின்வாங்கின. இருபுறமும் குன்றுகள் நெருங்கி வந்தன. அதுவே ஆண்டிபட்டிக் கணவாய். மதுரைச் சமவெளிக்கும் தேனி, கம்பம் பள்ளத்தாக்கிற்கும் நடுவே இயற்கை திறந்து வைத்த வாயில் அது. சாலையும் இரயில் பாதையும் இந்த ஒரே வாயிலைத்தான் நம்பியிருக்கின்றன.

1928-ல் போடிநாயக்கனூர் வரை இடப்பட்ட இப்பாதையை, அகலப்பாதையாக்குவதற்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் மூடினார்கள். பின்னர் பதினோர் ஆண்டுகளுக்கு மேல் இப்பகுதி மக்கள் காத்திருந்தார்கள். 2022 மே 26-ல் தேனி வரையிலும், 2023 ஜூன் 15-ல் போடி வரையிலும் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கிற்று. மீட்டர் பாதைக் காலத்தில் இவ்வழியே பயணம் செய்த முதியவர் ஒருவர் நம் எதிரில் அமர்ந்திருந்தார். கணவாய் வந்ததும் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டு வெளியே பார்க்கலானார். நாமும் பார்த்தோம். ஆனி மாதத்துக் காற்று வண்டிக்குள் புகுந்து வீசியது. மேற்கே மலைமுகட்டில் மேகம் கவிந்திருந்தது. ஆனால் அதன் அடியில் கிடந்த நிலம் வறண்டே கிடந்தது.

மழை எட்டிப் பார்க்கும் ஊர்

ஆண்டிபட்டியின் விதி அதுதான். மேற்கு மலை தடுத்துக்கொள்ளும் மழையின் மிச்சம் மீதியே இவ்வூருக்கு. வருசநாட்டு மலையில் பிறந்து வரும் வைகைக்கு 1959-ல் அணை கட்டி முடித்தபோது, தேக்கிய நீர் பெரும்பாலும் கிழக்கே மதுரைக்கும் இராமநாதபுரத்திற்கும் பயணப்பட்டது. அணையைத் தன் அருகிலேயே வைத்துக்கொண்டு, ஆண்டிபட்டி வானத்தை நோக்கி நிற்கின்றது. ஆகவே இம்மக்கள் நீரைக் கேளாத தொழில்களைக் கற்றுக்கொண்டார்கள். முருங்கை வைத்தார்கள், நிலக்கடலை விதைத்தார்கள், கிணறு உள்ளவர்கள் மல்லிகை பயிரிட்டார்கள், நிலமே இல்லாதவர்கள் தறியில் அமர்ந்தார்கள்.

அரசியலில் ஆண்டிபட்டியின் பெயர் பெரிது. 1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தபடியே வென்ற தொகுதி இது. 2002 இடைத்தேர்தலில் ஜெயலலிதா வென்றதும் இங்கேதான். தேனி செல்லும் வழியில் க.விலக்கில் 2004-ல் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது. பெரிய பெயர்கள் வந்து போனாலும், சக்கம்பட்டித் தெருக்களில் தறியின் ஓசை மட்டும் மாறாமல் கேட்டுக்கொண்டிருக்கின்றது.

அந்தச் சக்கம்பட்டியில்தான் நமக்கு நெடுநாள் பழக்கமுள்ள ஒரு நெசவுக் குடும்பம் இருக்கிறது. தலைவர் தறியில் இருந்தார். அம்மையார் திண்ணையில் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். மூத்த மகன் மதுரையில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி இரண்டாண்டுகள் படித்து முடித்தவன். மூன்றாம் ஆண்டுக்கு அன்று மாலையே புறப்படவேண்டும். ஆனால் வீட்டில் புறப்பாட்டின் களை இல்லை.

“போவதா வேண்டாமா என்று யோசனையாக இருக்கிறது, ஐயா” என்றார் தந்தை. “விடுதியை விட்டுவிட்டு நாள்தோறும் வீட்டிலிருந்தே போய் வரட்டும் என்று பார்க்கிறேன். சாப்பாட்டுப் பணம் கட்டி மாளவில்லை.”

விடுதியில் ஓர் ‘அண்ணன்’

பையனோடு பேசினோம். அவன் விடுதியில் ஒரு மாடிக்குப் பிரதிநிதி. பிள்ளைகள் வாயில் அது ‘ரெப்’. புதிதாக வரும் முதலாண்டு மாணவர்களுக்கு அவனே அண்ணன். விடியற்காலையில் எழுப்புவது, குளியலறைச் சண்டையைத் தீர்ப்பது, காய்ச்சல் கண்டவனை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது, இரவு பத்து மணிக்கு ஆளெண்ணிக் கணக்குச் சொல்வது, தேர்வுக்கு முன்னால் ஆங்கிலம் புரியாதவர்களைச் சுற்றி அமர்த்திக்கொண்டு தமிழில் விளக்குவது ஆகிய எல்லாம் அவன் பொறுப்பு.

சென்ற ஆண்டு நடந்ததொன்றை அவனுடைய தாயார்தான் சொன்னார். அவன் கூச்சப்பட்டுத் தலை குனிந்திருந்தான். வருசநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பையன் அவ்விடுதியில் சேர்ந்தானாம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் பாயும் இல்லை, பையனும் இல்லை. வகுப்பில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டிருக்கிறார்கள்; விடை தெரியாமல் நின்றதை நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். இவன் அன்றைக்கே ஆண்டிபட்டிக்கு வந்து, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாகப் பேருந்தில் போய், இலவமரக் காட்டுக்கு நடுவே இருந்த வீட்டைத் தேடிப் பிடித்து, அந்தத் தாய் தகப்பனிடம் பேசி, மறுநாள் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டானாம். அந்தப் பையன் இப்போது இரண்டாம் ஆண்டு.

“பேருந்துக்கு யார் பணம் கொடுத்தார்கள்?” என்று கேட்டோம்.

“என்னிடம் இருந்தது, ஐயா” என்றான்.

“அந்த இரண்டு நாளும் உனக்கு வகுப்பு?”

அதற்கு அவன் விடை சொல்லவில்லை, தந்தை சொன்னார். அவ்விரண்டு நாளில் ஓர் உள்தேர்வு நடந்து போயிற்று. இப்படிப் போன மதிப்பெண்கள் சேர்ந்து, முதலாண்டில் நல்ல மதிப்பெண்ணுக்காக அவனுக்குக் கிடைத்துவந்த சிறு உதவித்தொகை இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டது. விடுதியில் மற்றவர் கட்டும் உணவுக் கட்டணத்தை அவனும் ஒரு காசு குறையாமல் கட்டுகிறான். பிறர் பிள்ளையைப் படிக்க வைக்கப் போனவன், தன் படிப்புக்கான பணத்தை இழந்து நிற்கிறான். வீட்டுத் தறியில் நெய்த நூல் போலவே கணக்கு தெளிவாக இருந்தது. நமக்குத்தான் தொண்டை அடைத்தது.

பழைய சட்டாம்பிள்ளை

மூத்தவன் இளையவனுக்குத் துணை நிற்பது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் ‘சட்டாம்பிள்ளை’ என்னும் சொல்லை நம் பாட்டனார்கள் அறிவார்கள். ஆசிரியர் ஒருவர், மாணவர் பலர். ஆகவே முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்கு மணலில் எழுத்துக் கற்றுக்கொடுத்தான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர் இல்லத்திற்கு 1789-ல் பொறுப்பேற்ற ஆண்டுரு பெல் என்னும் ஸ்காத்லாந்துக் குரு, நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து, தம் இல்லத்திலும் அம்முறையைப் புகுத்தினார். பெரிய ஆசிரியர்கள் மறுத்தபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சிறியவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். 1797-ல் அவர் இலண்டனில் வெளியிட்ட அறிக்கை வாயிலாக, இது ‘மதராஸ் முறை’ என்னும் பெயரால் உலகமெங்கும் பரவிற்று.

உண்டு உறைந்து கற்கும் இடங்களில் இவ்வழக்கம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருந்தது. திருவாவடுதுறை மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட உ.வே. சாமிநாதையர், 1876-ல் ஆசிரியர் மறைந்த பிறகும் அங்கேயே தங்கி, தாம் சுப்பிரமணிய தேசிகரிடம் கற்றுக்கொண்டே, இளைய மாணவர்களுக்குப் பாடஞ் சொன்னார். மடம் அவரை ஆதரித்தது. 1880-ல் அவர் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்றபோது, அந்த ஆண்டுகளின் பயிற்சி கூடவே சென்றது. கற்பவன் கற்பிப்பான், கற்பிப்பவனுக்கு நிறுவனம் சோறு போடும். இந்த இரண்டாம் பாதியைத்தான் நாம் இன்று மறந்துவிட்டோம்.

நம் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றின் நினைவும் வருகின்றது. 1844-ல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-ல் திருச்சிக்கு வந்த, சேசு சபையாரின் தூய வளனார் கல்லூரியில் 1950-ல் சேர்ந்த இராமேசுவரத்து மாணவர் ஒருவர், திருவரங்கத்து ஐயங்கார் ஒருவரோடும் கேரளத்துச் சிரியன் கிறித்தவர் ஒருவரோடும் ஒரே அறையில் தங்கினார். மூன்றாம் ஆண்டில் விடுதியின் சைவ உணவுப் பிரிவுக்குச் செயலராகி, ஒரு ஞாயிறன்று கல்லூரி அதிபரையே விருந்துக்கு அழைத்தார். அவரே பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். ஆட்சிப் பொறுப்பின் அரிச்சுவடியை அவர் உணவுக்கூடத்தில் கற்றார் என்று சொன்னால் மிகையாகாது.

மூத்தவன் காவலனா, கொடுமையாளனா?

ஆயின் விடுதியில் மூத்தவன் என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1996-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட செய்தி கேட்டுத் தமிழ்நாடே நடுங்கியது. பகடிவதையைத் தடை செய்து 1997-ல் இம்மாநிலம் சட்டம் இயற்றியது. குற்றவாளிக்கு ஈராண்டு வரை சிறை என்றது. எனினும் நாட்டின் பல பகுதிகளில் கொடுமை தொடரவே, உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி இராகவன் குழு 2007-ல் அறிக்கை தந்தது; 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளை வெளியிட்டது.

அவ்விதிகளில் பலர் கண்ணில் படாத ஒரு பகுதி உண்டு. தண்டனை மட்டும் போதாது என்றுணர்ந்து, ஒவ்வொரு கல்லூரியிலும் வழிகாட்டும் மாணவர் குழு அமையவேண்டும் என்கின்றன விதிகள். புதிய மாணவர் 6 பேருக்கு ஒரு மூத்த மாணவர். அத்தகைய 6 வழிகாட்டிகளுக்கு மேல்நிலையில் இன்னொருவர். 36 புதியவர் வந்தால் 7 மூத்தவர் வேண்டும். ஆதியாகமத்தில் தம்பி எங்கே என்று கேட்கப்பட்டபோது காயின் தட்டிக்கழித்தான். இவ்விதி அந்தக் கேள்வியை விடுதி தோறும் மீண்டும் எழுப்பி, “ஆம், நானே பொறுப்பு” என்று சொல்லும் இளைஞர்களைத் தேடுகின்றது.

ஆனால் அவ்விளைஞர்கள் தாமே முன்வரும் தொண்டர்களாக இருக்கவேண்டும் என்பதோடு விதி நின்றுவிடுகின்றது. அவர்களுடைய உணவுக்கு யார் பொறுப்பு, இழந்த படிப்பு நேரத்திற்கு என்ன ஈடு என்று அது சொல்லவில்லை. சக்கம்பட்டிப் பையனின் வீடு நிற்பது அந்த மௌனத்தின் மேல்தான்.

உதவிகள் பல, இதற்கு ஒன்றில்லை

உதவித்தொகைகளே இல்லாத நாடு அன்று இது. ஆதிதிராவிட மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944 முதலே உண்டு. 2020-21 முதல் நடப்பிலுள்ள வீதப்படி, சாதாரணப் பட்டப்படிப்பு படிக்கும் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயும், வீட்டிலிருந்து வருவோர்க்கு 3,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்க்கும் நம் மாநில அரசு கல்வி உதவி அளிக்கின்றது. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் வந்தன. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோரும் இவற்றில் இடம்பெற்றனர். அரசு விடுதிகளில் கல்லூரி மாணவர்க்கான மாத உணவுப்படி 2023-ல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புத் துறையின் விடுதிகளும் உள்ளன. இவை யாவும் 2025-ல் ‘சமூகநீதி விடுதிகள்’ என்னும் பொதுப் பெயர் பெற்றன.

இவையெல்லாம் மாணவனின் குலத்தையோ, குடும்ப வருமானத்தையோ, மதிப்பெண்ணையோ, படித்த பள்ளியையோ கேட்கின்றன. கேட்கவும் வேண்டும். ஆனால் “நீ பிறருக்காக என்ன செய்தாய்?” என்று கேட்டுக் கை கொடுக்கும் உதவி நாம் அறிந்தவரை அரிது.

அமெரிக்கக் கல்லூரிகளில் இவ்வேலை செய்யும் மூத்த மாணவர்க்குத் தங்கும் அறை இலவசம். பல இடங்களில் உணவும் உண்டு. அங்கும் ஒரு சிக்கல். ஏழை மாணவனுக்கு இலவச அறை தந்ததும், அதன் மதிப்பைக் கணக்கிட்டு, அவனுக்கு வரவேண்டிய வேறு உதவித்தொகையைக் குறைத்துவிடும் கல்லூரிகள் உள்ளன. அப்போது பணக்கார மாணவனுக்கு ஆதாயம். ஏழைக்கு உழைப்பு மட்டும் மிச்சம். 2002-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து விடுதி உதவியாளர்கள் தொழிற்சங்கமே அமைத்தார்கள். நாம் ஒரு வழியை வகுப்பதானால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் இத்தவறு நேராதபடி வகுக்கவேண்டும்.

தந்தையின் மறுப்பு

இவற்றையெல்லாம் நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நெசவாளர் தறியை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார்.

“ஐயா, ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்கக்கூடாது. தம்பியைப் பார்த்துக்கொள்வதற்கு அண்ணனுக்குக் கூலி கொடுப்பார்களா? காசுக்காகச் செய்தால் அது அன்பாகுமா? நாளைக்குக் காசு வேண்டுமென்றே நாலு பேர் அந்த இடத்துக்கு வருவார்களே!”

நேர்மையான கேள்வி. நாம் சிறிது நேரம் பேசாதிருந்தோம். பிறகு அம்மையாரே விடை சொன்னார். தார்க்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே, “கூலி வேண்டாம். ஆனால் ஊர்ப் பிள்ளைக்கு ஊட்டுகிறவள் வீட்டில் அடுப்பு எரியவேண்டாமா?” என்றார்.

அதற்குமேல் நாம் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. மடத்து மாணவருக்கு மடம் இட்ட சோறு கூலியன்று. அவர் அங்கே தொடர்ந்து இருப்பதற்கான வழி அது. அவ்வளவே இங்கும் வேண்டுவது. தந்தையின் அச்சமும் பொருளற்றதன்று. ஆகவே பொறுப்புக்கு ஆளைத் தெரிந்தெடுக்கும்போது பணத்தேவையைப் பாராமல் குணத்தைப் பார்க்கவேண்டும். தெரிந்தெடுத்த பின்னர், அவருள் எளியவருக்கு உணவுக் கட்டணத்தை நீக்கித் தரவேண்டும்.

பங்குக் குடும்பங்கள் செய்யக்கூடியது

வாசகர்களே, நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் மதுரைக்கும் திருச்சிக்கும் சென்னைக்கும் பெட்டியோடு செல்கிறார்கள். சேர்க்கைக்குப் போகும்போது கட்டணம் எவ்வளவு என்று கேட்கின்றோம். அறையில் மின்விசிறி உண்டா என்று பார்க்கின்றோம். இனி இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இவ்விடுதியில் புதிய மாணவர்க்கு வழிகாட்டும் மூத்த மாணவர் உண்டா? அவர் எத்தனை பேரைக் கவனிக்கிறார்? அவருக்குக் கல்லூரி என்ன செய்கிறது? கேட்பவர் பலரானால் விடை தானே பிறக்கும்.

நம்மால் இயன்ற கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஒரு விடுதியில் உணவுக்கு மாதம் 3,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கில் 60 குடும்பங்கள் மாதம் 50 ரூபாய் வீதம் ஒதுக்கினால், ஒரு மூத்த மாணவரின் உணவுக் கட்டணம் தீர்ந்தது. திருமண நாளுக்கும் நினைவு நாளுக்கும் கொடுக்கும் காணிக்கையில் ஒரு பகுதியை இதற்கென எழுதி வைக்கலாம். பணத்தை மாணவன் கையில் கொடுத்து அவனை நன்றிக்கடனில் நிறுத்தாமல், விடுதிக் கணக்கிலேயே செலுத்திவிடுவது நன்று.

கல்லூரிகளிடமும் நாம் சில வேண்டுகோள்களை வைக்கலாம். மூத்த மாணவனின் கடமைகளையும் நேரத்தையும் எழுத்தில் வரையறுக்கட்டும். நோயாளியோடு இரவைக் கழித்தவனுக்கு மறுநாள் உள்தேர்வைத் தள்ளி வைக்கட்டும். மாணவரை உளவு பார்க்கவும் கட்டணம் வசூலிக்கவும் அவனைப் பயன்படுத்தாதிருக்கட்டும். காப்பாளர் செய்யவேண்டியதை அவன் தலையில் சுமத்தாதிருக்கட்டும். மாணவியர் விடுதிகளில் இப்பணி இன்னும் நுட்பமானது. வீட்டுக்குச் சொல்ல முடியாத கவலைகளை ஓர் அக்காளிடம் சொல்லுகிற பெண்கள் எத்தனையோ பேர். அந்த அக்காளுக்கும் வீட்டில் கடன் இருக்கும் என்பதை மறவாதிருப்போம்.

மாலை இரயில்

மாலையில் ஆண்டிபட்டி நிலையத்தில் மதுரை வண்டிக்காகக் காத்திருந்தோம். மல்லிகைக் கூடைகளின் மணம் காற்றில் வந்தது. சிறிது நேரத்தில் நெசவாளர் மகன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். தந்தையும் உடன் வந்தார்.

“இந்தப் பருவத்துக்கு மட்டும் கட்டிவிடுகிறேன், ஐயா. அடுத்ததைப் பிறகு பார்ப்போம்” என்றார். எப்படிக் கட்டினார் என்று நாம் கேட்கவில்லை. அம்மையார் வழியனுப்ப வரவில்லை என்பதை மட்டும் கவனித்தோம். அவர் கையில் காலையில் இருந்த தார் இன்னும் சுற்றி முடியவில்லை போலும்.

நடைமேடையின் மறுகோடியில் ஒரு மலைநாட்டுத் தாய், புதுப் பிளாஸ்டிக் வாளியும் பாயும் தலையணையுமாக, தன் மகனை நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். பையன் முகத்தில் அழுகை முட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கல்லூரி என்று நம்மவன் போய் விசாரித்தான். அவனுடைய கல்லூரியே அல்ல, வேறு ஏதோ ஒன்று. இருந்தும் அந்த வாளியை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டான்.

வண்டி வந்தது. தாய் கீழேயே நின்றுகொண்டாள். “தம்பி, இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளப்பா” என்று சன்னலுக்கு வெளியே இருந்து அவள் சொன்னது, நமக்கும் சேர்த்துச் சொன்னது போல் இருந்தது. கணவாயைக் கடக்கும்போது இருட்டிவிட்டது. எதிர் இருக்கையில் அந்தச் சிறுவன் நம்மவன் தோளில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தான்.